ஸ்கீமா போடுகிறவர்களுக்கு: தேவையானதை மட்டும், சரியாக

ஸ்கீமா போட்டால் கூகுளில் முதல் இடத்துக்கு வந்துவிடலாமா என்று கேட்காத வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. வர முடியாது. ஸ்கீமா என்பது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குப் புரியும் வடிவத்தில் பக்கத்தின் நிரலுக்குள் எழுதி வைக்கும் குறிப்பு. ஸ்ட்ரக்சர்டு டேட்டா, மார்க்கப் என்றும் அதைச் சொல்வார்கள். அது தரவரிசையை உயர்த்தும் காரணி அல்ல என்று கூகுளே பல தடவை சொல்லிவிட்டது. அந்த ஆசையை முதலில் இறக்கி வைத்துவிட்டால், மீதி வேலை சுலபம்.

பிறகு எதற்காகப் போடுகிறோம்? தேடல் முடிவுகளில் உங்கள் பக்கத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் அதேதான். அந்த இடத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதுதான் மாறும். பொருள் விற்கும் பக்கமானால் விலை, இருப்பு, நட்சத்திர மதிப்பீடு. வீடியோ பக்கமானால் சிறுபடமும் நீளமும். நிகழ்ச்சியானால் தேதியும் இடமும். இப்படிக் கூடுதல் விவரத்தோடு தெரிவதைத்தான் ரிச் ரிசல்ட் என்கிறார்கள். அதுவும் உத்தரவாதம் கிடையாது. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், காட்டுவதா வேண்டாமா என்பதைக் கூகுள்தான் முடிவு செய்யும். நீங்கள் சம்பாதிப்பது தகுதியை மட்டுமே.

நான் இந்த வேலையைச் செய்துதான் பிழைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்: பெரும்பாலான தளங்களுக்கு நான்கைந்து வகை போதும். இந்தக் குறிப்புகளுக்கான பொது அகராதியான ஸ்கீமா.ஆர்க்கில் 800க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கூகுளும் பிங்கும் யாகூவும் சேர்ந்து 2011 ஜூனில் அதைத் தொடங்கின. யாண்டெக்ஸ் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்த அகராதியில் இருப்பதெல்லாம் தேடல் முடிவில் ஏதாவது செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தெந்த வகைக்கு என்ன காட்டுவோம் என்று கூகுள் தன் ஆவணத்தில் 'சர்ச் கேலரி' என்ற பக்கத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் பக்கம் அந்தப் பட்டியலில் எதற்குப் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினால் ஒரு வாரம் போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

எந்தப் பக்கத்துக்கு எது

பேசுவதற்கு வசதியாக ஒரு வானியல் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கட்டுரைகள் உண்டு, சில வீடியோக்கள் உண்டு, தொலைநோக்கிகள் விற்கும் பகுதி உண்டு, மாதம் ஒருமுறை வானம் பார்க்கும் நிகழ்ச்சியும் உண்டு.

முகப்புப் பக்கத்தில் இரண்டு: வெப்சைட், ஆர்கனைசேஷன். வெப்சைட் வகையில் தளத்தின் பெயரும் முகவரியும். தேடல் முடிவில் உங்கள் முகவரிக்கு மேலே தளத்தின் பெயர் என்று ஒன்று தெரிகிறதல்லவா, அதைத் தீர்மானிக்கக் கூகுள் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அது முகப்பில்தான் இருக்க வேண்டும். உள்பக்கங்களில் போட்டால் இந்த விஷயத்துக்கு உதவாது. ஆர்கனைசேஷனில் பெயர், லோகோ, தொடர்பு விவரம், உங்கள் அதிகாரபூர்வச் சமூக ஊடகப் பக்கங்களின் முகவரிகள். லோகோ குறைந்தது 112க்கு 112 பிக்சல் இருக்க வேண்டும், கூகுள் எடுத்துப் பார்க்கக்கூடிய முகவரியிலும் இருக்க வேண்டும்.

கட்டுரைப் பக்கங்களுக்கு ஆர்டிகிள். விற்பனைப் பக்கங்களுக்கு ப்ராடக்ட். வீடியோவுக்காகவே இருக்கும் பக்கங்களுக்கு வீடியோஆப்ஜெக்ட். நிகழ்ச்சிக்கு ஈவென்ட். உள்பக்கங்கள் எல்லாவற்றுக்கும், முகப்பிலிருந்து அந்தப் பக்கம் வரையான பாதையைச் சொல்லும் பிரெட்கிரம்ப்லிஸ்ட். அவ்வளவுதான். இந்தத் தளத்துக்கு இதற்கு மேல் யாராவது போட்டுத் தருகிறேன் என்று சொன்னால், எதற்காக, அதனால் தேடலில் என்ன தெரியும் என்று கேளுங்கள்.

எழுதும் முறை

எழுத மூன்று வடிவங்கள் உண்டு: ஜேசன்-எல்டி, மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ. பின்னது இரண்டும் ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களுக்குள்ளேயே பின்னிப் பிணைந்திருக்கும். வடிவமைப்பாளர் ஒரு டிவ்-ஐ நகர்த்தினால் போதும், மார்க்கப் உடைந்துவிடும். ஜேசன்-எல்டி தனியாக ஒரு ஸ்கிரிப்ட் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பக்கத்தின் தோற்றத்தை யார் எப்படி மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கூகுளும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. பழைய தளத்தில் மைக்ரோடேட்டா நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் பிடுங்க வேண்டியதில்லை. புதிதாக எழுதுகிறீர்களானால் ஜேசன்-எல்டி, வேறு யோசனையே வேண்டாம்.

ஒரு கட்டுரைக்கான கட்டம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். இடப்பக்கப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தளத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

{
"@கான்டெக்ஸ்ட்": "ஸ்கீமா.ஆர்க் தளத்தின் முழு முகவரி",
"@டைப்": "ஆர்டிகிள்",
"ஹெட்லைன்": "சந்திர கிரகணத்தைப் படம் பிடிப்பது எப்படி",
"இமேஜ்": ["சதுரப் படத்தின் முகவரி", "அகலப் படத்தின் முகவரி"],
"டேட்பப்ளிஷ்டு": "2025-08-30",
"டேட்மாடிஃபைடு": "2025-09-04",
"ஆத்தர்": {
"@டைப்": "பெர்சன்",
"நேம்": "எழுதியவரின் பெயர்",
"யூஆர்எல்": "எழுதியவரைப் பற்றிய பக்கத்தின் முகவரி"
}
}

இதில் நின்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. வகைகளின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும்; பண்புகளின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்கும். 'டேட்பப்ளிஷ்டு' போல இரண்டு சொல் சேர்ந்தால் இடைவெளி விடாமல், இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்க வேண்டும். வலப்பக்கம் வரும் மதிப்புகள் உங்கள் பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே இருக்கலாம். கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் தமிழ் எழுத்து அப்படியே ஓடும். சில நிரல்கள் தமிழ் எழுத்துகளைப் பின்சாய்வுக் கோடும் எண்ணுமாக மாற்றி வெளியிடும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது செல்லுபடியாகும் ஜேசன்தான். கூகுள் அதைச் சரியாகவே படித்துக்கொள்ளும். அதைச் 'சரிசெய்ய' இறங்காதீர்கள்.

தேதியை ஐஎஸ்ஓ 8601 வடிவத்தில் கொடுங்கள்: முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். மணியும் சேர்க்கிறீர்கள் என்றால் நேர மண்டலத்தையும் சேர்த்துவிடுங்கள். விட்டுவிட்டால், பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் தன் நேர மண்டலத்தை வைத்துக் கணக்குப் போடும். இரவில் வெளியிட்ட கட்டுரை வேறு தேதியில் தெரிவதற்கு இது போதும். திருத்திய தேதி இன்னொரு வம்பு. ஒன்றுமே மாற்றாமல் தினமும் அந்தத் தேதியை மட்டும் புதுப்பிக்கிற தளங்கள் உண்டு. பக்கத்தில் பழைய தேதியும் மார்க்கப்பில் புதிய தேதியுமாக இருந்தால், எதை நம்புவது என்று கூகுளுக்கு நீங்களே குழப்பம் கொடுத்த மாதிரி.

எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும். 'எழுதியவர்:' என்ற முன்னொட்டு, பட்டம், பதவி, நிறுவனப் பெயர் எல்லாம் அங்கே வேண்டாம். இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டு தனித்தனி பெர்சன். ஒரே வரியில் காற்புள்ளி போட்டு இருவரையும் சேர்க்காதீர்கள்.

படத்துக்கு 16:9, 4:3, 1:1 என்று மூன்று விகிதத்திலும் கொடுக்கச் சொல்கிறது கூகுள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் குறைந்தது 50,000 பிக்சல் வர வேண்டும். படம் கட்டுரைக்குச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். எல்லாக் கட்டுரைக்கும் லோகோவையே கொடுப்பது சோம்பேறித்தனம்.

அப்புறம், கோளாறு வருவது பெரும்பாலும் நிறுத்தக்குறியில்தான். கடைசி வரிக்குப் பிறகு ஒரு காற்புள்ளி மிச்சமிருந்தால் கட்டம் முழுவதும் செல்லாது. தலைப்புக்குள்ளேயே இரட்டை மேற்கோள்குறி வந்தால் அதற்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும். வேர்டு போன்ற செயலியில் எழுதி ஒட்டினால், நேரான மேற்கோள்குறி எல்லாம் வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் படிக்கும் நிரல் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஒரு பக்கத்தில் மார்க்கப் இருந்தும் சோதனைக் கருவி 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால், நான் முதலில் பார்ப்பது மேற்கோள்குறிகளைத்தான்.

எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம்

இந்தக் கட்டத்தைக் கையால் அடித்துப் பக்கத்தில் ஒட்டுவது சோதித்துப் பார்க்க மட்டும் சரி. நிரந்தரமாக அப்படி வைத்தால் ஒருநாள் பொய் சொல்லத் தொடங்கும். பக்கத்தில் தெரியும் விலை தரவுத்தளத்திலிருந்து வருகிறது. மார்க்கப்பில் இருக்கும் விலை யாரோ ஒருவர் ஒருநாள் அடித்து வைத்தது. விலை மாறும்போது பக்கம் மாறும், மார்க்கப் அப்படியே நிற்கும்.

அதனால் நான் பிடிவாதமாகக் கேட்பது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் தகவல் எந்தப் புலத்திலிருந்து வருகிறதோ, அதே புலத்திலிருந்துதான் மார்க்கப்பும் வர வேண்டும். தலைப்புக்கு ஒரு மாறி என்றால் ஹெட்லைனுக்கும் அதே மாறி. இருப்பு தீர்ந்துவிட்டது என்று பக்கத்தில் காட்டும் அதே நிபந்தனைதான், மார்க்கப்பில் 'இன்ஸ்டாக்' என்பதை 'அவுட்ஆஃப்ஸ்டாக்' ஆக மாற்ற வேண்டும். டெம்ப்ளேட்டில் ஒரு தடவை இப்படிக் கட்டிவிட்டால் அந்த வகைப் பக்கங்கள் அத்தனைக்கும் வேலை முடிந்தது. பக்கத்தில் தெரியாத தகவலை மார்க்கப்பில் போடக்கூடாது என்ற கூகுளின் விதியையும் தனியாக நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. மீற வழியே இருக்காது.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிளகின் இந்த வேலையைச் செய்துவிடும். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் ஒரே தளத்தில் எத்தனை நிரல்கள் இதைச் செய்கின்றன என்று பாருங்கள். ஒரு தளத்தில், தோற்றத்தைத் தரும் தீம் ஒரு ஆர்டிகிள் கட்டத்தை வெளியிட்டுக்கொண்டிருந்தது, எஸ்இஓ பிளகின் இன்னொன்றை. தீமின் கட்டத்தில் எழுதியவர் 'அட்மின்', பிளகினின் கட்டத்தில் ஆளின் உண்மைப் பெயர். இரண்டிலும் படம் வேறு, தேதி வேறு. இதைக் கண்டுபிடிக்க: பக்கத்தின் மூலநிரலைத் திறந்து 'எல்டி+ஜேசன்' என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். எத்தனை இடத்தில் வருகிறது, ஒவ்வொன்றிலும் என்ன வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் பல கட்டங்கள் இருப்பது தப்பில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கட்டங்கள் வேறுவேறு கதை சொல்வதுதான் தப்பு. ஒன்றை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அணைக்க வேண்டியது தீமில் இருப்பதை.

ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவும், தளத்தில் நிரல் துண்டுகளைச் சேர்க்க உதவும் டேக் மேனேஜர் வழியாகவும் மார்க்கப்பைச் செருகலாம், கூகுள் படிக்கும். ஆனால் பொருள் பக்கங்களுக்கு அப்படிச் செய்ய வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டால் உருவாகும் ப்ராடக்ட் மார்க்கப்பை ஷாப்பிங்குக்காக எடுப்பது அடிக்கடியும் நடக்காது, நம்பகமாகவும் இருக்காது என்று கூகுளே எச்சரிக்கிறது. விலையும் இருப்பும் அடிக்கடி மாறுகிற இடத்தில் அது பெரிய இடைஞ்சல். சர்வரிலிருந்து வரும் ஹெச்டிஎம்எல்லிலேயே அது இருக்கட்டும். கட்டத்தைத் தலைப்பகுதியில் வைப்பதா, உடற்பகுதியில் வைப்பதா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான்.

நட்சத்திரமும் விலையும்

எல்லோரும் ஆசைப்படுவது நட்சத்திரத்துக்குத்தான். அதனால் அங்கேதான் கட்டுப்பாடும் அதிகம்.

ப்ராடக்ட் வகைக்குப் பெயர் கட்டாயம். அதோடு ரிவ்யூ (விமர்சனம்), அக்ரிகேட்ரேட்டிங் (சராசரி மதிப்பீடு), ஆஃபர்ஸ் (விற்பனை விவரம்) மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். வாங்கக்கூடிய பக்கமாக இருந்தால் ஆஃபர்ஸுக்குள் விலை, நாணயக் குறியீடு, இருப்பு மூன்றையும் கொடுத்துவிடுங்கள். விலையில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும்: பக்கத்தில் 12,500 என்று காற்புள்ளியோடு காட்டினாலும் மார்க்கப்பில் 12500. நாணயச் சின்னம் அங்கே வரக்கூடாது. அதற்குத் தனிப் பண்பு இருக்கிறது, அதில் ஐஎஸ்ஓ 4217-இன் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட வேண்டும்.

மதிப்பீட்டில் சராசரியும், எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டும். நீங்கள் 10க்கு மதிப்பெண் கொடுக்கிறீர்கள் என்றால் உச்சம் 10 என்று தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 5 என்றே எடுத்துக்கொள்ளப்படும், 5க்கு 8.4 என்ற கணக்கை எந்தத் தேடுபொறியும் ஏற்காது. அந்த மதிப்பீடு பக்கத்திலும் வாசகர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் நிறுவனத்துக்கு நீங்களே உங்கள் தளத்தில் நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் வித்தை 2019 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. லோக்கல்பிசினஸ், ஆர்கனைசேஷன் வகைகளுக்கு அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே இருக்கும் மதிப்பீடுகளைக் கூகுள் நட்சத்திரமாகக் காட்டுவதில்லை. வேறொரு நிறுவனத்தின் கருவி வழியாக அந்த மதிப்பீடுகளைப் பொருத்தியிருந்தாலும் அதே கதிதான். இன்றும் இதைச் செய்து தருகிறேன் என்று விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வேறு எதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

இல்லாத மதிப்பீட்டை எழுதினால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். மேனுவல் ஆக்ஷன் வரும், அதாவது கூகுளின் ஆட்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அதற்கென்று ஒரு பகுதியே உண்டு. ஸ்ட்ரக்சர்டு டேட்டாவுக்காக வரும் அந்த நடவடிக்கை உங்கள் தரவரிசையைத் தொடாது. ரிச் ரிசல்ட்டுக்கான தகுதியை மட்டும் பறிக்கும். திரும்பப் பெற, பொய்யை எடுத்துவிட்டு மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சிப் பக்கங்களில் பலரும் கவனிக்காத ஒன்று நேரம். தொடங்கும் நேரம் தெரியாவிட்டால் தேதியை மட்டும் கொடுங்கள். நள்ளிரவு 00:00 என்று இட்டு நிரப்பாதீர்கள். மேகமூட்டத்தால் வானம் பார்க்கும் நிகழ்ச்சி ரத்தானால் பக்கத்தை அழிக்க வேண்டாம். பழைய தேதியை அப்படியே வைத்துவிட்டு, நிலை என்ற பண்பில் 'ரத்து' என்பதற்குரிய மதிப்பைப் போடுங்கள்.

பிரெட்கிரம்பில் சொல்ல அதிகமில்லை. குறைந்தது இரண்டு படிகள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், பெயர், முகவரி. கடைசிப் படிக்கு முகவரி கட்டாயமில்லை. 2025 ஜனவரியிலிருந்து கைபேசியில் அந்தப் பாதையைக் கூகுள் காட்டுவதில்லை, கணினியில் காட்டுகிறது. கிட்டத்தட்ட எல்லாப் பிளகினும் தானாகவே இதைச் செய்துவிடுவதால் விட்டுவைக்கலாம்.

துண்டுகளை இணைப்பது

இது கட்டாயமில்லை, ஆனால் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு பொருளுக்கும் '@ஐடி' என்று ஒரு நிலையான அடையாளம் கொடுக்கலாம். முகப்பு முகவரியோடு '#ஆர்கனைசேஷன்' என்று சேர்த்தால் அது உங்கள் நிறுவனத்தின் அடையாளம். பிறகு கட்டுரைப் பக்கத்தில் பதிப்பாளர் யார் என்று சொல்லும்போது, பெயர், லோகோ எல்லாவற்றையும் மறுபடி எழுதாமல், அந்த ஐடியை மட்டும் சுட்டலாம். ஆனால் அதே பக்கத்திலேயே அந்த நிறுவனத்தின் விவரமும் ஒரு தடவையாவது இருக்கட்டும். '@கிராஃப்' என்ற பட்டியலுக்குள் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக அடுக்கினால் இது இயல்பாகவே அமைந்துவிடும். வேறொரு பக்கத்தில் இருப்பதைத் தேடுபொறி போய் எடுத்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எழுதியவருக்கு 'சேம்ஆஸ்' என்ற பண்பில் அவருடைய பிற அதிகாரபூர்வப் பக்கங்களைக் கொடுக்கலாம். ஒரே பெயரில் பலர் இருக்கும்போது இது எந்த ஆள் என்று தெளிவாகும். அதில் உண்மையிலேயே அவரைப் பற்றிய பக்கங்கள் மட்டும் இருக்கட்டும். அவர் பேட்டி கொடுத்த செய்தி, அவர் பெயர் வரும் பட்டியல் எல்லாம் அங்கே போகக்கூடாது.

சோதித்துப் பார்ப்பது

இரண்டு கருவிகள் உண்டு, இரண்டுக்கும் வேலை வேறு. கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட், கூகுள் ஆதரிக்கும் வகைகளை மட்டும் பார்த்து, இந்தப் பக்கத்துக்குத் தகுதி உண்டா என்று சொல்லும். ஸ்கீமா.ஆர்க்கின் வேலிடேட்டர், எந்த வகையாக இருந்தாலும் இலக்கணம் சரியா என்று சொல்லும். பழைய ஸ்ட்ரக்சர்டு டேட்டா டெஸ்டிங் டூலைத் தேடுகிறவர்களே, அதுதான் இப்போது இந்த வேலிடேட்டராக இடம் மாறியிருக்கிறது.

முதலில் நிரலை ஒட்டிச் சோதியுங்கள். பக்கத்தில் ஏற்றிய பிறகு முகவரியைக் கொடுத்து மறுபடியும் சோதியுங்கள். முதலாவது தேறி இரண்டாவது தேறவில்லை என்றால் கோளாறு மார்க்கப்பில் இல்லை, தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு தடுக்கிறது, கேஷ் (சேமித்து வைத்த நகல்) பழைய பக்கத்தைக் கொடுக்கிறது, அல்லது ஸ்கிரிப்ட் ஓடவில்லை. கருவியிலேயே கூகுள் பார்த்த ஹெச்டிஎம்எல்லைத் திறந்து பார்க்கலாம். அதில் உங்கள் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முடிவுகளில் சிவப்புப் பிழை, மஞ்சள் எச்சரிக்கை என்று இரண்டு வரும். பிழை இருந்தால் தகுதி இல்லை. திருத்தியே ஆக வேண்டும். எச்சரிக்கை என்பது 'இதுவும் இருந்தால் நன்றாக இருக்கும்' என்ற அளவுதான். மஞ்சளைப் பார்த்துப் பதறி, இல்லாத தகவலை உருவாக்கி நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொருளுக்கு விமர்சனம் இல்லையென்றால் இல்லைதான், எச்சரிக்கை அப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தக் கருவிகள் இலக்கணத்தைத்தான் சோதிக்கும், உண்மையை அல்ல. விலை தவறாக இருந்தாலும் பச்சை விளக்குதான் எரியும். அதனால் ஒவ்வொரு வகையிலும் சில பக்கங்களைத் திறந்து, திரையில் இருப்பதையும் மார்க்கப்பில் இருப்பதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குக் கருவி கிடையாது, கண்தான்.

ஏற்றிய பிறகு

சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் வழியாக முக்கியமான சில பக்கங்களை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மற்றவற்றுக்கு, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் போதும். மறுநாளே நட்சத்திரம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூகுள் திரும்ப வந்து பக்கத்தைப் படிக்கவே நாட்கள் ஆகலாம். பிறகு ஒவ்வொரு வகைக்கும் தனி அறிக்கை இடப்பக்கப் பட்டியலில் முளைக்கும். அதில் பிழையுள்ள பக்கங்கள் குவிந்தால் ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். பெரும்பாலும் அது டெம்ப்ளேட்டில் இருக்கும் ஒரே கோளாறு. அதைத் திருத்திவிட்டு 'வேலிடேட் ஃபிக்ஸ்' பொத்தானை அழுத்தினால் மற்றவை தாமாகக் குறையும். ஜேசனே உடைந்திருந்தால் 'அன்பார்சபிள் ஸ்ட்ரக்சர்டு டேட்டா' என்று தனி அறிக்கை வரும். அது கண்ணில் பட்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க, பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் 'சர்ச் அப்பியரன்ஸ்' என்ற பிரிவு இருக்கிறது. ப்ராடக்ட், ரிவ்யூ, வீடியோ என்று எந்தத் தோற்றத்தில் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று அது பிரித்துச் சொல்லும். ஒப்பிட வேண்டுமென்றால், சில மாதத் தரவு ஏற்கனவே இருக்கிற, பருவத்தைச் சாராத பக்கங்களை எடுங்கள். கிரகணக் கட்டுரையைச் சோதனைக்கு எடுத்தால், கிரகணம் வரும் வாரத்தில் ஏறியது மார்க்கப்பாலா வானத்தாலா என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது ஏஐ பதில்களில் வருவதற்கென்று தனி ஸ்கீமா விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். தங்கள் ஏஐ ஓவர்வியூ, ஏஐ மோடு இரண்டுக்கும் தனியாக எந்த ஸ்கீமாவும் சேர்க்கத் தேவையில்லை என்று கூகுள் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. மார்க்கப் பக்கத்தில் தெரியும் உரையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் அங்கேயும் நிபந்தனை.

எடுத்துவிடப்பட்டவை

கடைசியாக, பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காக. எஃப்ஏக்யூ மார்க்கப் போட்டால் தேடல் முடிவுக்குக் கீழே கேள்வி பதில் விரியும் என்று அவற்றில் இருக்கும். 2023 ஆகஸ்டில் அதைக் கூகுள் நன்கு அறியப்பட்ட அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஹவ்டு என்ற செய்முறை வகை அதற்கடுத்த மாதமே முழுவதுமாகப் போய்விட்டது. தளத்துக்குள் தேடும் பெட்டியைத் தேடல் முடிவிலேயே காட்டுவது 2024 நவம்பரில் நின்றது. 2025 ஜூனில் கோர்ஸ் இன்ஃபோ, கிளெய்ம் ரிவ்யூ, வெஹிக்கிள் லிஸ்டிங் உட்பட இன்னும் சிலவற்றைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

ஏற்கனவே உங்கள் தளத்தில் இவை இருந்தால் ஓடிப்போய் அழிக்க வேண்டியதில்லை. ஆதரிக்கப்படாத மார்க்கப் இருப்பதால் தேடலில் கெடுதல் எதுவும் வராது. புதிதாக மட்டும் போடாதீர்கள். டெம்ப்ளேட்டை அடுத்த தடவை திறக்கும்போது சேர்த்து எடுத்துவிட்டால் போதும். கேள்வி பதில் பகுதி வாசகருக்கு உதவுகிறதென்றால் அந்த உரை பக்கத்தில் அப்படியே இருக்கட்டும், மார்க்கப் மட்டும் போகட்டும். சர்ச் கேலரி பக்கத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து, நீங்கள் நம்பியிருக்கும் வகைகள் இன்னும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளின் ஆவணத்தில் என்ன மாறியது என்று தேதிவாரியாக ஒரு பக்கமும் உண்டு. அதையும் புக்மார்க் செய்துவிடுங்கள்.